மோசே ஸ்டுவர்ட்டும் சொற்பொருள் ஆய்வின் எல்லையும்

பழைய நூலொன்றின் சொற்பொருளைத் திட்பமாகக் கண்டுவிடின், அந்நூல்கொண்டு நிகழ்கால வாழ்விற்கு நெறி வகுத்தல் எளிதாகிவிடுமா? இவ்வினாவை ஆராய்வார்க்குப் பெரிதும் பயன்படுவது அமெரிக்கச் சபைக்குருவும் ஆண்டோவர் சமயக் கல்லூரிப் பேராசிரியருமாகிய மோசே ஸ்டுவர்ட்டின் (1780-1852) வரலாறு. எபிரேய மொழிக் கல்வியை அமெரிக்க மண்ணில் நிலைநிறுத்தியவர் என இவர் போற்றப்படுகின்றார்.

தோற்றமும் பணியும்

ஸ்டுவர்ட் கனெக்டிகட் மாநிலத்து வில்ட்டன் என்னும் ஊரில் 1780-ஆம் ஆண்டு பிறந்தார். யேல் கல்லூரியில் 1799-இல் பட்டம் பெற்றார். சட்டம் பயின்று 1802-இல் வழக்கறிஞர் தகுதி எய்தினாராயினும், யேலில் துணையாசிரியராய் இருந்த காலத்தில் அவர் உள்ளம் சமயக் கல்வியின்பால் திரும்பிற்று. 1806-இல் நியூ ஏவன் நகரின் முதற் சபைக்குக் குருவாயினார். 1808-இல் திறக்கப்பெற்ற ஆண்டோவர் கல்லூரி 1810-இல் அவரைத் திருநூல் இலக்கியப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

எபிரேய இலக்கணம்

அப்பதவியை ஏற்றபோது ஸ்டுவர்ட் எபிரேயம் அறிந்தது மிகச் சிறிதே. கற்பிக்க வேண்டியதைத் தாமே கற்றுக்கொண்டு, மாணவர் படியெடுத்துப் பயிலுமாறு இலக்கணம் ஒன்றைக் கையெழுத்தில் வரைந்தார். அதனை அச்சிட முற்பட்டபோது எபிரேய எழுத்துக் கோக்க வல்லார் கிடைத்திலர். ஆகவே அச்செழுத்துகளைத் தம் கையாலேயே கோத்துத் தொழிலாளர்க்கும் வழிகாட்டினார். உயிர்க்குறியின்றி எழுதப்பெற்ற அவ்விலக்கணம் 1813-இல் வெளிவந்தது. உயிர்க்குறிகளோடும் விரிவான தொடரியலோடும் கூடிய பேரிலக்கணம் 1821-இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பிற்குத் துணைநின்ற எட்வர்டு இராபின்சன், பிற்காலத்தில் பாலத்தீன நில ஆய்வில் பெரும்புகழ் எய்தினார்.

ஆண்டோவரில் பயின்றோருள் இருவர் தமிழுலகு அறிந்தவர். ஒருவர் 1823-இல் தோன்றிய வட்டுக்கோட்டைக் கல்லூரியின் முதல் தலைவர் டேனியல் பூர். மற்றவர் 1862-இல் சென்னையில் வெளிவந்த தமிழ் ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியர் மைரன் வின்சுலோ. பூர் 1814-இலும் வின்சுலோ 1818-இலும், அஃதாவது ஸ்டுவர்ட் கற்பித்த காலத்திலேயே, அங்குக் கல்வி முடித்தனர் என்பது ஈண்டு நினைவிற்குரியது.

பொருள்கோள் நெறி

ஏனைப் பழைய நூல்களுக்குப் பொருள் காணும் இலக்கண, வரலாற்று நெறியே திருநூலுக்கும் உரியது என்பது ஸ்டுவர்ட்டின் கொள்கை. இதன்பொருட்டுச் செர்மன் மொழியைத் தாமே கற்று அந்நாட்டு அறிஞர்தம் ஆய்வுகளை ஆழ்ந்து படித்தார். செர்மன் நூற்பயிற்சி பத்தியைத் தணிக்கும் என அஞ்சிய கல்லூரி ஆட்சியினர், 1825-இல் குழு அமைத்து ஆராய்ந்தனர். ஸ்டுவர்ட் தம் நெறியினின்றும் வழுவினாரல்லர். 1819-இல் வில்லியம் எல்லரி சானிங்கை மறுத்து எழுதிய மடல்களிலும், எபிரேயர், உரோமர் ஆகியோர்க்கு எழுதப்பெற்ற நிருபங்களுக்கு வரைந்த விரிவுரைகளிலும் சொல்லாராய்ச்சியே அவர்தம் படைக்கலமாயிற்று.

அடிமைச் சிக்கல்

அப்படைக்கலத்தின் எல்லை 1850-இல் வெளிப்பட்டது. தப்பியோடிய அடிமைகளை உரியவரிடம் மீட்டளிக்கும் சட்டத்தை வலியுறுத்தும் உடன்பாட்டினை டேனியல் வெப்ஸ்டர் அவ்வாண்டு மார்ச்சு 7-ஆம் நாள் ஆட்சிமன்றத்தில் ஆதரித்துப் பேசினார். ஸ்டுவர்ட் அவர் பக்கம் நின்று, மனச்சான்றும் அரசியலமைப்பும் பற்றி நூலொன்று வெளியிட்டார். தப்பிவந்த அடிமையைத் தலைவனிடம் ஒப்புவியாதே எனும் உபாகமக் கட்டளை, புறநாட்டினின்று இசுரவேலரை அடைக்கலம் புகுந்தார்க்கே உரியது என்பது அவர் கொண்ட பொருள். வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் ஒரே நாடாதலின் அக்கட்டளை அங்கே செல்லாது என்றார். பவுல் ஒனேசிமுவைப் பிலேமோனிடம் திருப்பியனுப்பியதையும் சான்று காட்டினார்.

இதனால் அவர் அடிமை முறையை நல்லதெனக் கொண்டார் என்பது பொருந்தாது. அது பிறரைத் தன்னைப்போல் நேசிக்கும் அறத்திற்கு மாறானது என அந்நூலிலேயே ஒப்புகின்றார்; படிப்படியாக அது நீங்குதலையும் விரும்பினார். எனினும், பண்டைச் சட்டம் எவரைக் குறித்தது என்னும் வினாவிற்குக் கண்ட விடையை, தம் காலத்தே ஓடிவந்து நின்ற மனிதனுக்கு என் செய்வது என்னும் வினாவிற்கும் விடையாக்கிவிட்டார். முன்னது இலக்கண ஆசிரியன் தீர்க்கவல்லது. பின்னது அவ்விலக்கணத்தால் மட்டும் தீர்வதன்று. அடிமை ஒழிப்பாளர் அவரைக் கடிந்தமை இது பற்றியே.

முடிவுரை

1848-இல் ஓய்வுபெற்ற ஸ்டுவர்ட், 1852 சனவரி 4-ஆம் நாள் ஆண்டோவரில் காலமானார். அவ்வாண்டிலேயே அவர்தம் மாணவர் கால்வின் ஸ்டோ திருநூல் இலக்கியப் பேராசிரியராய் ஆண்டோவர் வந்தார். அவருடைய துணைவியார் ஆரியட் பீச்சர் ஸ்டோ எழுதிய 'டாம் மாமாவின் குடிசை' அடிமையின் துயரை உலகறியச் செய்ததும் அவ்வாண்டே. அடிமை முறை 1865-இல் சட்டத்தால் ஒழிந்தது. ஸ்டுவர்ட் வகுத்த பொருள்கோள் நெறியோ அமெரிக்கத் திருநூல் ஆய்வின் அடித்தளமாய் நிலைத்தது. அந்நெறியைப் பழுதெனத் தள்ளுதலும், அதனிடம் அதன் ஆற்றலுக்கு மிஞ்சிய தீர்ப்பை வேண்டுதலும் ஒருங்கே தவறு என்பதே நாம் இவர் வாழ்வினின்று கொள்ளத்தக்க முடிபாகும்.