வணிகர் மொழியும் பொறியின் மொழியும்

வணிகம் என்பது ஒழுங்குபட்ட செயல்களின் தொடராகும். கொள்வோன் வேண்டியதை அறிதல், இருப்பை நோக்குதல், விலை கூறல், பணம் பெறுதல், பொருளை அனுப்புதல் என அவை ஒன்றன்பின் ஒன்றாய் நிகழ்வன. மக்கள் தம்முள் எளிதிற் கூறும் இவற்றைக் கணினியும் உணருமாறு பெயர்க்க முயன்ற வரலாறு நீண்டதாகும்.

1950களில் அமெரிக்காவிற் கிறேஸ் ஹொப்பர் அம்மையார் ஆங்கிலச் சொற்களாற் கணினிக்குக் கட்டளையிடும் ஃபுளோ-மற்றிக் என்னும் மொழியை ஆக்கினார். 1959இல் வகுக்கப்படத் தொடங்கிய கோபோல் மொழிக்கு அதுவே பெரிதும் வழிகாட்டிற்று. வணிகரின் சொல்லைப் பொறி ஏற்றது. ஆயினும் அச்சொல்லின் பொருளை அது உணர்ந்திலது.

இணையம் பரவியபின் இக்குறை பெரிதாயிற்று. ஒரு நிறுவனத்தின் கணினி பிறிதொரு நிறுவனத்தின் கணினியிடம் பணி வேண்டும் நிலை உண்டாயிற்று. இங்ஙனம் ஒரு கணினி பிறவற்றுக்கு ஆற்றும் பணியே வலைச்சேவை எனப்படும். 2002இல் ஐ.பி.எம்., மைக்ரோசொவ்ற், பி.ஈ.ஏ. ஆகிய நிறுவனங்கள் வணிகச் செயல்முறையை வலைச்சேவைகளின் தொடராக எழுதும் பீபெல் என்னும் மொழியை வெளியிட்டன. எச்சேவையை எம்முறையில் அழைப்பது என்பதை அது கூறிற்று. ஆனால் 'விலை' என்பது வரி உட்பட்டதோ, 'நாள்' என்பது பொருள் புறப்படும் நாளோ சேரும் நாளோ என்பதை அது கூறவில்லை.

2001இல் ரிம் பேர்ணர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹென்ட்லர், ஓரா லசிலா ஆகிய மூவரும் பொருளுணர் வலை என்னும் கருத்தை விளக்கி எழுதினர். அதன்வழி வந்த ஓ.டபிள்யூ.எல்.-எஸ். என்னும் விவரணமுறை 2004இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பிடம் அளிக்கப்பட்டது. சேவை செய்வது யாது, செய்யுமாறு எவ்வாறு, அதனை அணுகுமாறு எவ்வாறு என்னும் மூன்றையும் அது வகுத்துரைத்தது. ஆகவே வணிகச் செயலொன்றை, 'இம்முகவரியிலுள்ள சேவையை அழைக்க' என்று பெயர்க்காது, 'பொருளும் சேருமிடமும் தரப்படும். அனுப்புகூலி அறியப்படல் வேண்டும்' என்னும் வேண்டுகோளாகப் பெயர்த்தல் கூடுவதாயிற்று. பொருந்திய சேவையைத் தேடுதல் பொறியின் கடனாயிற்று.

எனினும் அறியாத வணிகரைப் பொறியே தேடி இணைக்கும் என்ற கனவு பெருவழக்காகவில்லை. ஐ.பி.எம்., மைக்ரோசொவ்ற், எஸ்.ஏ.பி. ஆகியவை நடத்திய பொதுச் சேவைப் பதிவேடு 2006இல் மூடப்பட்டது. 2007இல் அக்கூட்டமைப்பு ஏற்ற நெறி அடக்கமானது: பழைய விவரணங்களை நீக்காது, அவற்றிற் பொருட்குறிப்புச் சேர்ப்பதே அது.

சொல்லுக்குப் பொருள் மக்களின் உடன்பாட்டாற் பிறப்பது. 'விலை' யாதென வணிகர் இருவர் தம்முள் உடன்படாவிடத்து, அதனை எப்பொறியும் அவர்க்குத் துணிந்து கூறமாட்டாது. உடன்பட்டவிடத்து அவ்வுடன்பாட்டைப் பிழையின்றிச் சுமந்து செல்லல் பொறிக்கு இயலும். இவ்வரலாறு உணர்த்தும் உண்மை இதுவேயாம்.