பூட்டி வைத்த காசும் கெடும்!

கல்லிடைக்குறிச்சி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அப்பளம். செய்தித்தாள் படிப்பவர்களுக்கு, 1982ல் திருடு போய் 2019ல் ஆஸ்திரேலியாவில் இருந்து திரும்பி வந்த நடராஜர் சிலை நினைவுக்கு வரலாம். தாமிரபரணிக் கரையில் உள்ள இந்த ஊருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அது பணம்!

1930ல் வெளியான சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை, பழைய முறையில் வட்டித் தொழில் செய்தவர்களைப் பற்றிப் பேசும்போது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், முல்தானிகள், மார்வாடிகள் ஆகியோரோடு கல்லிடைக்குறிச்சி பிராமணர்களையும் தனியாகக் குறிப்பிடுகிறது. ஒரு சிற்றூரின் பெயரே ஒரு வங்கிப் பிரிவின் பெயராக இருந்திருக்கிறது.

அன்று இங்கே புழங்கியது பிரிட்டிஷ் வெள்ளி ரூபாய். எடை 11.66 கிராம். அதில் சுமார் 91.7 சதவீதம் வெள்ளி. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர். அங்கே காசு, சக்கரம், பணம் என்று தனிக் கணக்கு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். இப்படிப்பட்ட காசுகள் இன்றும் பல வீடுகளில் பரணிலும் பீரோவிலும் கிடக்கின்றன. "பூட்டித்தானே வைத்திருக்கிறோம், என்ன ஆகிவிடும்?" என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் பூட்டு திருடனைத்தான் தடுக்கும், காற்றைத் தடுக்காது.

வெள்ளிக்கு எதிரி கந்தகம். காற்றில் மிகக் குறைந்த அளவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. காசு முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் கறுத்துவிடும். காசுகளைக் கட்டி வைக்கும் ரப்பர் பேண்டிலும் கம்பளித் துணியிலும்கூடக் கந்தகம் இருக்கிறது. 1940ல் ரூபாயில் வெள்ளியின் அளவு 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மீதியில் பெரும் பங்கு செம்பு. அதனால் அந்தக் காசுகள் ஈரத்தில் சீக்கிரம் நிறம் மாறும். 1947ல் வெள்ளியே போய் நிக்கல் ரூபாய் வந்தது.

செம்புக்கும் வெண்கலத்துக்கும் எதிரி உப்பும் ஈரமும். உலோகத்துக்குள் குளோரைடு புகுந்துவிட்டால், ஈரக் காற்று பட்டதும் வெளிர்பச்சைப் பொடி கிளம்பும். அந்த வினையில் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் மேலும் உலோகத்தைத் தின்னும், மறுபடியும் பொடி கிளம்பும்... இப்படியே போய்க்கொண்டிருக்கும். இதற்கு 'வெண்கல நோய்' என்று பெயர். கிருமி எதுவும் இல்லாமலே பரவும் நோய்!

இந்த நோய்க்கு நம் மாநிலத்திலேயே வைத்தியம் நடந்தது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகளில் இது தெரிந்தபோது, 1930களில் அங்கே வேதியியலாளர் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் அவற்றுக்குச் சிகிச்சை அளித்தார். இந்திய அருங்காட்சியகங்களில் இப்படி ஒரு பாதுகாப்பு ஆய்வகம் முதலில் அமைந்தது அங்கேதான். அருங்காட்சியகத்துக்குள் வந்துவிட்டதால் மட்டும் ஒரு பொருள் காப்பாற்றப்பட்டுவிடாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து இதே பாடத்தை நாணயச் சேகரிப்பாளர்கள் வேறு விதமாகப் படித்தார்கள். 1949ல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் நாணயத்தின் தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் குறிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1986ல் பிசிஜிஎஸ், 1987ல் என்ஜிசி ஆகிய நிறுவனங்கள் தொடங்கின. காசைச் சோதித்து, மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடித் தருவது இவற்றின் வேலை. மதிப்பெண் ஒன்று கூடினால் விலை பல மடங்கு கூடும். ஆனால் அந்தப் பெட்டிகளும் முழுக்கக் காற்றுப் புகாதவை அல்ல. உள்ளே இருக்கும்போதே சிவந்த செம்பு பழுப்பாகிறது, வெள்ளியில் பால் தெறித்தது போலப் புள்ளிகள் தோன்றுகின்றன. செம்பு நாணயத்தின் நிறத்துக்குப் பிசிஜிஎஸ் இப்போது உத்தரவாதம் தருவதில்லை. மதிப்பெண் என்பது சோதித்த அன்றைய நிலைமை மட்டும்தான்.

நம் ஊரில் பலரும் பயன்படுத்தும் மெல்லிய பிவிசி உறைகள் இன்னும் மோசம். அவற்றை வளைவாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் கசியும். பிவிசி சிதையும்போது அமிலமும் வரும். காசின் மேல் பிசுபிசுவென்று பச்சையாகப் படிவது இதனால்தான்.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கறுத்த காசைப் பார்த்ததும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது! பளபளப்பு வரும். ஆனால் புளியின் அமிலமும் சாம்பலின் உரசலும் மேல் உலோகத்தையே எடுத்துவிடும். ஆண்டு, அச்சிட்ட நகரைக் காட்டும் சின்னக் குறி, முகத்தின் கோடுகள் எல்லாம் மழுங்கும். கறுப்பு ஒரு மெல்லிய படலம்தான், அதனால் காசின் வரலாறு அழிவதில்லை. தேய்த்தால் அழிந்துவிடும்.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. அமிலமற்ற காகித உறை, பிவிசி இல்லாத பிளாஸ்டிக், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம், விளிம்பை மட்டும் பிடிக்கும் பழக்கம். பச்சைப் பொடி தெரிந்த காசை மற்றவற்றில் இருந்து உடனே பிரித்து, ஈரம் படாமல் உலர்வாக வைக்க வேண்டும். முக்கியமாக, ஆண்டுக்கு ஒரு முறையாவது பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் கொடுத்த கடனுக்கு ஒழுங்காகக் கணக்குப் பார்த்துத்தான் பேர் வாங்கினார்கள். அவர்கள் காலத்துக் காசுக்கும் அதே கவனம் தேவை.