எசுர்வேதம்

எசுர்வேதம்: 18ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவியரிடையே பிரெஞ்சு மொழியில் உருவானதாகக் கருதப்படும் சமய உரையாடல் நூல். இதன் கையெழுத்துப் படிகள் புதுச்சேரி மிஷனில் இருந்தன. நான்கு வேதங்களுள் ஒன்றான யஜுர் வேதத்தோடு இதற்குப் பெயரளவிலேயே உறவு. யஜுரை 'எசுர்' என்னும் தமிழ் வழக்கே பிரெஞ்சு எழுத்தில் ஏறியிருக்கலாம். தமிழ்க் கிறித்தவர்கள் தம் மறைநூலையும் சமயத்தையும் 'வேதம்' என்றும் தேவாலயத்தை 'வேதக்கோயில்' என்றும் சொல்வதால், 'இயேசு வேதம்' என்பதே இப்படித் திரிந்தது என்பாரும் உளர். புதுச்சேரிக்கே வேதபுரி என்றொரு பழம்பெயர் உண்டு.

நூல் எட்டுப் பகுதிகள் கொண்டது. வியாசர் புராணக் கதைகளைச் சொல்லிச் சொல்லிக் கேள்வி கேட்கிறார். சுமந்து முனிவர் அவற்றை மறுத்து விடை கூறுகிறார். சுமந்து காட்டும் கடவுள் ஒருவரே: உருவமற்றவர், தொடக்கமும் முடிவும் இல்லாதவர், உலகைப் படைத்தவர். பிரமன், திருமால், சிவன் ஆகியோர் கடவுளர் அல்லர். உருவ வழிபாடு தவறு. முதல் மனிதனின் பெயர் ஆதிமன். இயேசுவைப் பற்றியோ சிலுவையைப் பற்றியோ பேச்சே இல்லை. பழைய நம்பிக்கையை முதலில் கலைத்துவிட்டுப் புதியதைப் பிறகு போதிக்கலாம் என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம்.

ஆசிரியர் யார் என்பது முடிவாகவில்லை. மதுரையில் தத்துவ போதகர் என்ற பெயரில் வாழ்ந்த இராபர்ட் தெ நோபிலி (1577–1656), அசல் வேதச் சுவடிகளைத் தேடிப் பாரிசுக்கு அனுப்பிய கல்மெத், வங்கத்துச் சந்திரநாகூரில் இருந்த போன்ஸ், மொசாக் எனப் பலர் பெயர் சொல்லப்படுகிறது. வியாசர் 'பியாச்' என்றும் வேதம் 'பேத்' என்றும் எழுதப்பட்டிருப்பது வங்க உச்சரிப்பின் சாயல் என்பர். எழுதிய ஆண்டும் தெரியவில்லை. புதுச்சேரி முற்றுகையின்போது, 1748இல், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும் அதில் இயேசு சபையார் காட்டிய முனைப்பையும் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். நூலை அந்நிகழ்ச்சியோடு இணைக்க நேரடிச் சான்று இல்லை.

1760 முதல் வரலாறு தெளிவாகிறது. அவ்வாண்டு மொதாவ் என்னும் பிரெஞ்சுப் படை அதிகாரி இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற படியொன்றை பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேருக்குக் கொடுத்தார். இங்கே புதுச்சேரியை ஆங்கிலேயர் வளைத்திருந்தனர். 1761 ஜனவரியில் ஊர் வீழ்ந்து தரைமட்டமாயிற்று. அதே 1761இல் வால்டேர் அப்படியைப் பிரெஞ்சு அரச நூலகத்தில் சேர்த்தார். அவருக்கு அது கிடைத்தற்கரிய பொருள். அலெக்சாந்தர் படையெடுப்புக்கும் முற்பட்ட நூல் என்று மதிப்பிட்டார். குருமார் சடங்குகளால் கெடாத ஒரு கடவுளை இந்தியர் ஆதியிலேயே வணங்கினர் என்பதற்கு இதைச் சான்றாக்கினார். ஆதிமனிடமிருந்தே யூதர்கள் ஆதாமைப் பெற்றனர் என்று வாதிட்டார். பிரெஞ்சு நன்கறிந்த முதியவரான ஸ்ரீரங்கத்துத் தலைமைக் குரு ஒருவர் மொழிபெயர்த்துத் தந்தது என்றும் எழுதினார். திருமால் கடவுளல்லர் என்று சொல்லும் நூலை அரங்கன் சந்நிதியிலிருந்து ஒருவர் பெயர்த்துத் தந்திருப்பாரா என்ற கேள்வி தமிழ் வாசகருக்கு உடனே எழும். பாரிசில் அது எழவில்லை. கிறித்தவத்துக்கு வழிகோல வரைந்த கடவுளை வால்டேர் திருச்சபைக்கு எதிராக நிறுத்தினார். உரு இல்லை என்று சொல்லப்பட்ட அக்கடவுளுக்கு எழுதியவரின் முகமும் இருந்தது, படித்தவரின் முகமும் இருந்தது.

இதே காலத்தில் புதுச்சேரி மொழிபெயர்ப்பாளர் மரிதாஸ் பிள்ளை தமிழ்ப் பாகவதத்தைப் பிரெஞ்சில் பெயர்த்தார் (1769, பாரிசில் அச்சு 1788). மாயக் கண்ணனும் லீலைகளும் நிறைந்த அந்நூலுக்கு எசுர்வேதத்துக்குக் கிடைத்த புகழ் கிடைக்கவில்லை. இங்குள்ளோர் உண்மையாகவே போற்றிய நூல் அதுதான்.

எசுர்வேதம் 1778இல் சுவிட்சர்லாந்தின் இவர்டனில் சேன்குருவா பிரபுவால் இரு தொகுதிகளாக அச்சிடப்பட்டது. இந்தியாவில் பயணம் செய்த சொன்னரா, இது வேதமல்ல, மசூலிப்பட்டினத்து மிஷனரி ஒருவர் வேதத்தின் பெயரில் எழுதிய வாத நூல் என்று 1782இல் வெளியிட்டார். பின்னர் சென்னைக் கலெக்டர் எல்லிஸ், தமிழ் உலகம் அன்போடு நினைக்கும் எல்லிஸ் துரை, புதுச்சேரி மிஷனில் கையெழுத்துப் படிகளைக் கண்டு ஆராய்ந்தார். சில படிகளில் ரோமன் எழுத்தில் சமஸ்கிருதமும் எதிர்ப்பக்கத்தில் பிரெஞ்சும் இருந்தன. பிற வேதங்களின் பெயரிலும் இத்தகைய நூல்கள் இருப்பதை அவர் காட்டினார். மூலத்தை நோபிலிக்கு உரியதாக்கிய அவருடைய கட்டுரை, 1819இல் அவர் இறந்தபின், 1822இல் வெளிவந்தது. நோபிலி பற்றிய முடிவைப் பின்வந்தோர் பலர் ஏற்கவில்லை.

அடுத்த நூறாண்டு பெரும்பாலும் அமைதி. 1935இல் இயேசு சபையைச் சேர்ந்த கஸ்தே புதுச்சேரியில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1984இல் இந்தியவியலாளர் லூடோ ரோஷே விரிவான ஆய்வுப் பதிப்பைக் கொண்டுவந்தார். பிரெஞ்சே மூலம் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

படிகள் இருந்த ஊரின் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இன்று பிரெஞ்சு, சமஸ்கிருதம், தமிழ் மூன்றுக்கும் துறைகள் உண்டு. இந்நூலைப் படிக்க மூன்றும் வேண்டும்: வாக்கியங்கள் பிரெஞ்சு, முனிவர்களின் பெயர்கள் வங்க ஒலியேறிய சமஸ்கிருதம், தலைப்பு தமிழ்.