பேரல் ட்யூனர்

ரைபிள் குழலின் நுனியில் திருகிப் பொருத்தும் நகரும் எடை. சுடும்போது குழல் அதிர்ந்து, அதன் நுனி நுண்ணளவில் மேலும் கீழும் அசைகிறது. வேகம் குறைந்த குண்டு குழலுக்குள் சற்றுக் கூடுதல் நேரம் இருக்கும். நுனி மேலெழும் கணத்தில் அது வெளியேறினால், வழியில் தாழும் அளவு ஈடாகும். எடையை நகர்த்தி அந்தக் கணத்தை அமைப்பதே ட்யூனரின் வேலை. நாதஸ்வரத்தின் அடித்துளைகளில் மெழுகு அடைத்துச் சுருதி சேர்க்கும் தஞ்சைக் கலைஞரின் பொறுமை இந்தச் சரிசெய்தலுக்கும் வேண்டும். எடையை ஒவ்வொரு கோடாக நகர்த்தி, ஐந்தைந்து குண்டுகள் சுட்டு, இலக்கில் துளைகள் மிக நெருங்கி விழும் நிலையில் பூட்ட வேண்டும். தோட்டாத் தொகுதி மாறினால் மறுசோதனை அவசியம். இந்த நுட்பம் தேவைதான்: 50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே. இத்தூரத்தின் மூன்று நிலைப் பிரிவில் இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார்.