கொல்லையில் ரெடிமேட் நீச்சல் குளமா? முதல்ல மண்ணைப் பாருங்க!

10 அடி அகல வட்டக் குளத்தில் 2 அடி தண்ணீர் நிரப்பினாலே சுமார் 4,400 கிலோ. 60 கிலோ நெல் மூட்டைகள் 70-க்கும் மேல் அடுக்கிய கனம்! தஞ்சாவூர் பக்கத்துக் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். தரை ஒரு பக்கம் இறங்கினால் தண்ணீரும் அங்கே சாய்ந்து, குளமே பிய்ந்துவிடலாம்.

இடம்: தென்னை மரம், மின்கம்பி, செப்டிக் டேங்க் மூன்றுக்கும் தள்ளியே இருக்கட்டும்.

சமன்: கொத்தனாரிடம் சொல்லி டியூப் லெவலில் பாருங்க. மேட்டை வெட்டுங்க, பள்ளத்தில் மண்ணைக் கொட்டி நிரப்பாதீங்க, அது அமுங்கும்.

அடித்தளம்: புல், வேர், கல் நீக்கி, தரையை இடித்து இறுக்கி, சலித்த மணல் பரப்பி, மேலே தார்ப்பாய் விரிங்க.

வடிகால்: சுற்றிலும் சின்ன வாய்க்கால் வெட்டினால் மழைநீர் அடியில் தேங்காது.

முக்கியமா, குழந்தைகள் இறங்கினால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கணும். 2 அடி தண்ணீரும் ஆபத்துதான்!