1940க்கும் 1946க்கும் நடுவே

ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் (1952) ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் பட்டியலின் உச்சியில் இருப்பவர் சோவியத் வீரர் விக்டர் சுக்காரின்: 115.70 புள்ளிகள். நான்கு தங்கம், இரண்டு வெள்ளி. பிறந்த தேதிதான் என்னை உறுத்தியது. 1921 நவம்பர். முதல் ஒலிம்பிக்கிலேயே முப்பது வயது!

சோவியத் யூனியனே அப்போதுதான் முதன்முறையாக ஒலிம்பிக்குக்கு வந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உள்நாட்டுப் பட்டியல்களைப் புரட்டினால் அது போதவில்லை. 1940இல் உக்ரைன் சாம்பியன். அப்புறம் ஆளையே காணோம். 1946இல் தேசியப் போட்டியில் பன்னிரண்டாம் இடத்தில் திடீரென்று முளைக்கிறார்.

விளையாட்டுத் தாள்களை மூடிவிட்டுப் போர்க் கைதிகளின் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. 1941இல் பொல்தாவா அருகே ஜெர்மானியரிடம் பிடிபட்டிருக்கிறார். புக்கன்வால்ட் முகாமில் அவருடைய எண் 10491. அவரை மீட்டவர்கள் பிரிட்டிஷார் என்றும், கைதிகளோடு கடலில் மூழ்கடிக்கவிருந்த படகிலிருந்து அவர் தப்பினார் என்றும் ஒரு கதை உண்டு. புக்கன்வால்ட் இருப்பதோ ஜெர்மனியின் உள்நாட்டில். 1945 ஏப்ரலில் அதை விடுவித்தது அமெரிக்கப் படை. இரண்டும் எப்படிப் பொருந்தும்? அவர் பதினேழு முகாம்களுக்கு மாற்றப்பட்டவர் என்ற தகவலை வைத்துப் பார்த்தால் முடிச்சு அவிழ்கிறது: புக்கன்வால்ட் வழியில் வந்த ஓரிடம், கடைசி இடமல்ல. படகுக் கதைக்கு நேரடி ஆவணம் கிடைக்கும்வரை அதைக் கதையாகவே வைத்திருக்கிறேன். நாற்பது கிலோ எடையோடு வீடு திரும்பிய மகனைத் தலைத் தழும்பை வைத்துத்தான் தாய் அடையாளம் கண்டாராம். இதுவும் வாய்வழி வந்ததுதான். ஆனாலும் இதை நம்ப எனக்குத் தயக்கமில்லை.

மெல்போர்ன், 1956. வயது முப்பத்தைந்து. ஜப்பானின் தகாஷி ஓனோவை 0.05 புள்ளியில் முந்தி மீண்டும் ஒட்டுமொத்த சாம்பியன். இரு ஒலிம்பிக்கிலும் சேர்த்துப் பதினொரு பதக்கம், அவற்றில் ஏழு தங்கம்.

அடுத்து, பயிற்சியாளர் சுக்காரின். இங்கே தேடல் வேறு மாதிரிச் சிக்கலாகிறது. புள்ளிப் பட்டியலில் வீரர் பெயர் உண்டு. கற்றுக்கொடுத்தவர் பெயருக்குக் கட்டமே கிடையாது. 1961இல் ஆர்மீனிய வீரர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்று ஒரு வரி அகப்படுகிறது. பிறகு லிவீவ் உடற்கல்வி நிறுவனம்: போர் முடிந்து வந்து அவரே மாணவராகப் படித்த இடம், பின்னாளில் அங்கேயே ஆசிரியர். 1984இல் லிவீவிலேயே காலமானார். ஒலிம்பிக் அறிக்கைகளை இனி எத்தனை முறை புரட்டினாலும் இந்தப் பகுதி கிடைக்காது. அந்த நிறுவனத்தின் வகுப்புப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும்.