மாற்றுக்கருத்தின் இருப்பிடம்: சங்கம் அமைக்கும் உரிமை குறித்து ஓர் ஆய்வு

1. பொருள்

ஒருவர் தனியாக நின்று அரசை விமர்சித்தால் அது பேச்சுரிமை. அதையே பத்துப் பேர் கூடி, ரசீதுப் புத்தகம் அச்சடித்து, சந்தா வசூலித்து, மாதந்தோறும் கூட்டம் போட்டுச் சொன்னால் அது சங்கம். ஆட்சியில் இருப்பவர்களை அதிகம் உறுத்துவது இரண்டாவதுதான். தனிக்குரல் ஓய்ந்துவிடும், சங்கமோ அடுத்த மாதமும் கூடும். பேச்சுரிமைக்காக நாம் வாதாடும் அளவுக்கு, சங்கம் அமைக்கும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 19(1)(இ) கூறுக்காக வாதாடுவதில்லை. அந்த உரிமையை அளந்து பார்க்க உதவும் கோல் 1952லேயே நம் கைக்கு வந்துவிட்டது என்பதும், பின்வந்த சட்டங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. சென்னை அரசு எதிர் வி.ஜி. ராவ்

மக்கள் கல்விச் சங்கம் 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான அமைப்பு. அறிவியலையும் சமூகவியலையும் பரப்புவது, அரசியல் கல்வி தருவது, கலை, இலக்கியம், நாடகம் வளர்ப்பது ஆகியவை அதன் நோக்கங்கள். வழக்கறிஞர் வி.ஜி. ராவ் அதன் பொதுச் செயலாளர். 1950 மார்ச் 10 அன்று சென்னை அரசு அச்சங்கத்தைச் சட்டவிரோதமானது என்று அறிவித்தது. ஏற்கெனவே தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் பிரசாரத்துக்குச் சங்கப் பணம் போகிறது என்பது அரசின் குற்றச்சாட்டு.

அரசு பயன்படுத்தியது 1908ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டம். வெள்ளையர் காலத்துக் கருவியைக் குடியரசு பிறந்த ஆண்டிலேயே சென்னை திருத்திக் கூர்மையாக்கியது. அதன்படி, அமைப்பு ஆபத்தானது என்று அரசு கருதினாலே போதும். பாதிக்கப்பட்டவர் மனுக் கொடுக்கலாம். அதை ஆலோசனைக் குழு பார்க்கும். ஆனால் அவர் அங்கே நேரில் வந்து வாதாட இடமில்லை.

உயர் நீதிமன்ற முழு அமர்வு தடையை ரத்து செய்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 1952 மார்ச் 31 அன்று தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பில் என்னை மிகவும் ஈர்ப்பது, அது ஒரு சின்ன நடைமுறையைக் கூர்ந்து பார்த்த விதம். தடை உத்தரவு அரசிதழில் வந்தால் போதும். நிர்வாகிகளிடம் நகல் தர வேண்டியதில்லை. சங்கத்தின் கதவில் ஒட்ட வேண்டியதுமில்லை. அரசிதழை யார் புரட்டுகிறார்கள்? மனுக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகே உறுப்பினருக்கு விஷயம் தெரிய வரலாம். அதற்குள் அவர் குற்றவாளி, சங்கத்தின் சொத்து அரசுடைமை.

உரிமையின் தன்மை, கட்டுப்பாட்டின் நோக்கம், தீமையின் அளவும் அவசரமும், இரண்டுக்கும் இடையிலான விகிதம், காலச்சூழல் ஆகியவற்றை எடைபோட்டே ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்று முடிவு செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். அரசின் சொந்தத் திருப்தியை மட்டும் நம்பிச் சங்கத்தை முடக்குவது, மிக அரிதான சூழலில் மிகக் குறுகிய எல்லைக்குள்தான் ஏற்கத்தக்கது.

3. பாடம் படித்த சட்டம்

1967ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் (ஊபா) இந்தத் தீர்ப்பின் நிழலில் எழுதப்பட்டது என்பதற்கு மூன்றாம் பிரிவே சாட்சி. அலுவலகத்தில் உத்தரவை ஒட்டுவது, நிர்வாகிகளிடம் நகல் தருவது, தண்டோரா போடுவது, ஒலிபெருக்கியில் அறிவிப்பது என்று வழிமுறைகளை அது வரிசையாகச் சொல்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தீர்ப்பாயம் தடையை உறுதி செய்யவும் வேண்டும். ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்த் மீதான தடை போதிய ஆதாரமின்றி உறுதி செய்யப்பட்டது என்று 1994ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்க முடிந்ததும், விசாரணை என்ற படி இருந்ததால்தான்.

4. சுற்றுவழிகள்

2004ல் ஊபாவில் நுழைந்த 35ஆம் பிரிவு இந்தப் படியைத் தாண்டிவிடுகிறது. ஓர் அமைப்பு பயங்கரவாதத்தில் ஈடுபடுகிறது என்று மத்திய அரசு நம்பினால் பட்டியலில் சேர்க்கலாம், தீர்ப்பாயம் இல்லை. பெயரை நீக்கக் கோரும் மனுவை முதலில் அதே அரசிடம்தான் தர வேண்டும். அது மறுத்த பிறகே மறுஆய்வுக் குழு. 2019 முதல் தனிநபரையும் இப்படிச் சேர்க்கலாம்.

இன்னொரு வழி, பணம். 1950ல் சங்கத்தின் நிதியைக் காட்டித் தடை போட்டார்கள். இன்று வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் அதைச் சத்தமில்லாமல் செய்கிறது. 2020 திருத்தத்துக்குப் பின் வெளிநாட்டு நன்கொடை புது டெல்லியில் உள்ள ஒரே பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் வந்து சேர வேண்டும். பெரிய அமைப்பு அதைச் சிறிய அமைப்புக்குப் பகிர முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50லிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. பதிவை 360 நாள் வரை நிறுத்திவைக்கலாம். அதற்கு முன் விசாரணை கட்டாயமில்லை. சம்பளம் இல்லாமல் ஒரு வருடம் தாக்குப்பிடிக்கும் கிராமத்துத் தொண்டு நிறுவனம் எங்கே இருக்கிறது? 2022ல் நோயல் ஹார்ப்பர் வழக்கில் ஒரே வங்கிக் கிளை, பகிர்வுத் தடை ஆகிய திருத்தங்கள் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். பந்த், ஹர்த்தால் நடத்தியதற்காக மட்டுமே ஓர் அமைப்புக்கு அரசியல் முத்திரை குத்தி வெளிநாட்டு நன்கொடையை மறுக்கக் கூடாது என்று 2020ல் அதே நீதிமன்றம் சொன்னது ஆறுதல்.

5. பாதுகாப்பு என்ற வாதம்

தேசப் பாதுகாப்பு பொய்க் காரணம் என்று நான் சொல்லவில்லை. சென்னை தடை விதித்தபோது பக்கத்திலேயே தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட காலத்துத் தடையைத்தான் நீதிமன்றம் ரத்து செய்தது. இன்று கேட்க வேண்டியதும் அதே அளவுக்குத்தான்: 35ஆம் பிரிவின் பட்டியலையும் ஒரு நீதிபதி ஆதாரத்தோடு பார்த்து உறுதி செய்யட்டும், நன்கொடைப் பதிவை நிறுத்திவைக்கும் முன் சம்பந்தப்பட்ட அமைப்பின் விளக்கத்தைக் கேட்கட்டும். 2023ல் அருப் புயான் வழக்கில், தடைசெய்யப்பட்ட சங்கத்தில் வெறும் உறுப்பினராகத் தொடர்வதே குற்றம் என்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்த பின், இந்தக் கோரிக்கை இன்னும் அவசரமாகிவிட்டது. தடை உத்தரவு ஒன்றே சாதாரண உறுப்பினரைச் சிறைக்கு அனுப்பப் போதுமென்றால், அந்த உத்தரவு எந்த ஆதாரத்தின் மேல் நிற்கிறது என்பதை அரசுக்கு வெளியே இருப்பவர் ஒருவர் சோதித்தாக வேண்டும்.